ஒப்பந்தம் வந்தால் பொன், போனால் மண்: பங்குச்சந்தையின் அவசரக் கணக்கு

ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனி யாரிடமோ எதையோ வாங்கப் போகிறதாம். அவ்வளவுதான் செய்தி. எவ்வளவு வாங்கும், என்ன விலைக்கு வாங்கும், வாங்கியே ஆக வேண்டுமா, பாதியில் நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு... ஒன்றுக்கும் அதில் பதில் இருக்காது. ஆனால் விற்கப் போகும் கம்பெனியின் ஷேர் அன்று சந்தை முடிவதற்குள் இருபது சதவீதம் ஏறியிருக்கும். ஒரு வருடம் கழித்து "இனி வாங்க மாட்டார்களாம்" என்று இன்னொரு செய்தி வரும். அதே ஷேர் பாதிக்கும் கீழே போய் நிற்கும்.

இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் விளக்கம், "புதிய தகவலுக்கு ஏற்ப விலை தன்னைத் திருத்திக் கொள்கிறது" என்பது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 2013 முதல் ஆப்பிள் நிறுவனத்தைச் சுற்றி நடந்த சப்ளையர் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. முதலீட்டாளர்கள் தகவலைப் படிப்பதே இல்லை. தகவலில் இருக்கும் பெரிய பெயரை மட்டும் படிக்கிறார்கள். மீதியை ஆசையும் பயமும் சேர்ந்து நிரப்பிக் கொள்கின்றன.

இது மூன்று விதமாக நடக்கிறது. ஆர்டர் குறைந்தால் விற்பனை குறைந்ததாக நினைப்பது ஒன்று. ஒப்பந்தம் கிடைத்தால் வருமானம் வந்துவிட்டதாக நினைப்பது இரண்டு. ஒப்பந்தம் போனால் கம்பெனியே போய்விட்டதாக நினைப்பது மூன்று. மூன்றுக்கும் கைவசம் உதாரணம் இருக்கிறது.

1. பாதியான ஆர்டர், பாதியாகாத விற்பனை

2013 ஜனவரி 14. ஐபோன் 5க்கான திரைகளின் ஆர்டரை ஆப்பிள் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டது என்று ஜப்பானின் நிக்கேய் பத்திரிகையும் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் எழுதின. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு முதலில் 6.5 கோடி திரைகள் திட்டமிடப்பட்டிருந்தன, அது பாதியானது என்பது நிக்கேய் சொன்ன கணக்கு. அன்று ஆப்பிள் ஷேர் 3.6 சதவீதம் சரிந்து 501.75 டாலரில் முடிந்தது. "ஐபோன் மோகம் முடிந்தது" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

ஒரே ஒரு நிமிடம் அந்த 6.5 கோடியைப் பார்த்திருந்தால் போதும். அதற்கு முந்தைய காலாண்டில், அதாவது கிறிஸ்துமஸ் வியாபாரம் முழுவதும் அடங்கிய 2012 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், ஆப்பிள் விற்ற மொத்த ஐபோன்கள் 4.78 கோடி. புதியது, பழையது எல்லா மாடலும் சேர்த்து! பண்டிகைக் காலத்திலேயே 4.78 கோடி விற்ற கம்பெனி, பண்டிகை முடிந்த பிறகு ஒரே மாடலில் 6.5 கோடி விற்க நினைத்திருக்குமா? தீபாவளிக்கு ஆயிரம் சட்டை விற்ற ஜவுளிக்கடை, அடுத்த மாதம் ஒரே டிசைனில் ஆயிரத்து முன்னூறு விற்கத் திட்டமிட்டது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆப்பிள் என்றதும் நம்பினார்கள்.

அந்த 6.5 கோடி என்ற எண் உண்மையாகவே இருந்தாலும் கூட, அது விற்பனைக் கணக்காக இருந்திருக்க முடியாது. உற்பத்தியில் எத்தனை வீணாகும் என்று தெரியாத ஆரம்ப காலத்தில் கூடுதலாகச் சொல்லி வைப்பது எந்தத் தொழிலிலும் வழக்கம். அதே பாகத்தை இரண்டு மூன்று பேரிடம் வாங்குவதும் வழக்கம். ஐபோன் 5 திரையை ஷார்ப், ஜப்பான் டிஸ்ப்ளே, எல்ஜி டிஸ்ப்ளே என்று பலர் செய்தார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஒரு கடையில் சொல்லியிருந்த வாழை இலையைப் பாதியாகக் குறைத்தால், பந்திக்கு ஆள் குறைந்துவிட்டதாக அர்த்தமா? வேறு கடையில் வாங்கியிருக்கலாம். வீட்டிலேயே மிச்சம் இருக்கலாம். முதலில் கிழிசல் போகும் என்று கூடுதலாகச் சொல்லியிருந்து, வந்த இலை நன்றாக இருந்ததால் குறைத்திருக்கலாம்.

ஜனவரி 23 அன்று காலாண்டு முடிவுகளை வெளியிட்டபோது ஆப்பிள் தலைவர் டிம் குக் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஒவ்வொரு பாகத்துக்கும் பல இடங்கள் உண்டு, உற்பத்தித் தரம் மாறும், சப்ளையர்களின் செயல்பாடு மாறும், கையிருப்பு மாறும். ஒரு தகவல் உண்மையாக இருந்தாலும் அதை வைத்து மொத்த வியாபாரத்தைக் கணிக்க முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர்கள் "அவர் அப்படித்தான் சொல்வார்" என்று விட்டுவிட்டார்கள்.

சர்ச்சைக்குரிய அந்த ஜனவரி-மார்ச் காலாண்டின் கணக்கு ஏப்ரலில் வந்தது. விற்பனை 3.74 கோடி ஐபோன்கள். முந்தைய வருடம் அதே காலாண்டில் 3.51 கோடி. அதாவது கூடியிருந்தது!

இங்கே ஒரு கெட்டிக்காரர் குறுக்கே வருவார். "ஆனால் ஆப்பிள் ஷேர் அந்த ஏப்ரலில் 400 டாலருக்கும் கீழே போனதே? அப்படியானால் ஜனவரியில் விற்றவன் புத்திசாலிதானே?" விலை இறங்கியது உண்மை. காரணம் வேறு. அந்தக் காலாண்டில் ஆப்பிளின் மொத்த லாப விகிதம் 47.4 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதத்துக்கு இறங்கியது. நிகர லாபம் 1,160 கோடி டாலரிலிருந்து 950 கோடி டாலராகக் குறைந்தது. போன் அதிகம் விற்றது, ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைத்த லாபம் குறைந்தது. திரை ஆர்டரை எண்ணிக் கொண்டிருந்தவர்களுக்கு இந்த விஷயமே கண்ணில் படவில்லை. தவறான சூத்திரம் போட்டுச் சரியான விடை எழுதிய மாணவன் மாதிரிதான் அவர்களும். அடுத்த கணக்கில் மாட்டிக் கொள்வார்கள்.

2. முன்பணம் வருமானமா?

இரண்டாவது கதை கண்ணீர்க் கதை.

ஜிடி அட்வான்ஸ்ட் டெக்னாலஜீஸ். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த கம்பெனி. செயற்கை நீலக்கல் (சஃபையர்) வளர்க்கும் உலைகளைச் செய்து விற்பது அதன் தொழில். 2013 நவம்பர் 4 அன்று ஆப்பிளுடன் ஒப்பந்தம் என்று அறிவித்தது. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் ஆப்பிளுக்குச் சொந்தமான ஆலையில் ஜிடி உலைகளை நிறுவி, நீலக்கல்லை அதுவே உற்பத்தி செய்து கொடுக்கும். அதற்காக ஆப்பிள் தரும் முன்பணம் 57.8 கோடி டாலர்.

மறுநாள் ஷேர் சுமார் இருபது சதவீதம் ஏறியது. அடுத்த கோடையில் 20 டாலர் வரை போனது. ஐபோன் திரை முழுவதும் நீலக்கல்லாகப் போகிறது, ஜிடி முதலீட்டாளர்கள் கோடீஸ்வரர்களாகப் போகிறார்கள் என்று கனவு.

பி.காம். முதல் வருட மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். வாடிக்கையாளரிடம் வாங்கிய முன்பணத்தை இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் எழுதுவது? பொறுப்புகள் பக்கம். அது சம்பாத்தியம் கிடையாது, கொடுக்க வேண்டிய கடன். ஜிடி விஷயத்தில் இது வெறும் கணக்கு மரபும் இல்லை. அந்தப் பணத்தை 2015 முதல் ஐந்து வருடங்களில் ஆப்பிளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தை அறிவித்த அன்றே ஜிடி சொல்லியிருந்தது. இந்தப் புதிய வேலையில் லாப விகிதம் பழைய உலை வியாபாரத்தை விடக் குறைவாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தது. ஒளித்து வைத்த ரகசியம் எதுவும் இல்லை.

அதை விட முக்கியமான விஷயம், கம்பெனி ஒழுங்கு ஆணையத்திடம் தாக்கல் செய்த ஆவணங்களில் இருந்தது. ஜிடி குறிப்பிட்ட அளவு உற்பத்தித் திறனை ஆப்பிளுக்காகத் தயாராக வைத்திருக்க வேண்டும். வேறு சிலருக்கு விற்கக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஆப்பிள் ஒரு துண்டு நீலக்கல்லைக் கூட வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை!

கொஞ்சம் யோசித்தால் விபரீதம் புரியும். விற்பவனுக்குக் கையும் காலும் கட்டியிருக்கிறது. வாங்குபவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இதை "ஆப்பிள் ஆர்டர் கிடைத்தது" என்று சந்தை மொழிபெயர்த்தது. உண்மையில் ஜிடிக்குக் கிடைத்தது ஆர்டர் இல்லை, கடன். கடனோடு சேர்த்து, அதுவரை செய்து பழக்கமில்லாத ஒரு உற்பத்தித் தொழில்.

முடிவு தெரிந்ததுதான். 2014 செப்டம்பர் 9 அன்று வந்த ஐபோன் 6ல் நீலக்கல் திரை இல்லை. முன்பணத்தில் 43.9 கோடி டாலர் வரை கொடுத்திருந்த ஆப்பிள், கடைசித் தவணையான 13.9 கோடியை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 6, திங்கட்கிழமை, ஜிடி திவால் மனு கொடுத்தது. வெள்ளிக்கிழமை 11 டாலரில் இருந்த ஷேர் அன்று ஒரு டாலருக்கும் கீழே முடிந்தது. மேசா ஆலையில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. 2016ல் கம்பெனி திவாலிலிருந்து வெளியே வந்தபோது பழைய பங்குகள் ரத்து செய்யப்பட்டன. வைத்திருந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொரு விஷயமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் அறிவித்த அடுத்த மாதமே, 2013 டிசம்பரில், ஜிடி புதிய பங்குகளையும் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களையும் விற்றுப் பணம் திரட்டியது. செய்தியைத் தவறாகப் படிக்கும் முதலீட்டாளரால் அவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. அவருடைய தவறான வாசிப்பின் மேல்தான் அடுத்த சுற்றுப் பணம் திரட்டப்படுகிறது. புதிதாக வந்து மாட்டுகிறவர்களுக்கு அவரே பாதை போட்டுக் கொடுக்கிறார்.

ஜிடி நிர்வாகம் உத்தமமா என்றால் அதுவும் இல்லை. ஆப்பிளுக்குச் சரக்கு கொடுக்கும் திறன் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்கு ஆணையம் 2019ல் கம்பெனி மீதும் முன்னாள் தலைவர் மீதும் குற்றம் சாட்டியது. ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். அது 2014ல் நடந்ததைப் பற்றியது. 2013 நவம்பரில் ஒப்பந்தத்தின் வடிவமே ஆபத்தானது என்று காட்டிய வரிகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை.

3. போனால் எல்லாம் போச்சா?

வந்தால் பொன் என்று நினைக்கும் கூட்டம்தான் போனால் மண் என்றும் நினைக்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் ஐபோனின் கிராஃபிக்ஸ் வடிவமைப்பைக் கொடுத்து வந்த கம்பெனி. அதன் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆப்பிள் தரும் லைசென்ஸ் கட்டணமும் ராயல்டியும்தான். 2017 ஏப்ரல் 3 அன்று, பதினைந்து மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் அந்த வடிவமைப்புகளைப் பயன்படுத்துவதை நிறுத்தப் போவதாக ஆப்பிள் சொல்லிவிட்டது என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. ஒரே நாளில் ஷேர் 60 சதவீதத்துக்கும் மேல் சரிந்து 103 பென்ஸில் முடிந்தது.

பாதி வருமானம் போகிறது என்றால் விலை விழத்தான் வேண்டும். அதில் தப்பில்லை. எவ்வளவு விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. மீதிப் பாதி வருமானம், கையில் இருக்கும் காப்புரிமைகள், பொறியாளர்கள்... இவற்றுக்கெல்லாம் விலை இல்லையா? காப்புரிமையை மீறாமல் இந்த அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் வடிவமைப்பைப் புதிதாக உருவாக்குவது மிகக் கடினம் என்று அந்தக் கம்பெனியே அதே அறிவிப்பில் சொல்லியிருந்தது. யாரும் நின்று கேட்கவில்லை.

அதே வருடம் செப்டம்பரில் கேன்யன் பிரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 182 பென்ஸ் வீதம், மொத்தம் 55 கோடி பவுண்டுக்கு இமாஜினேஷனை வாங்க ஒப்புக்கொண்டது. ஏப்ரலில் பதறி 103க்கு விற்றவர்கள் ஆறு மாதம் கூடக் காத்திருக்கவில்லை. அதோடு முடியவில்லை. 2020 ஜனவரி 2 அன்று ஆப்பிளும் இமாஜினேஷனும் மறுபடி பல வருட லைசென்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவிப்பு வந்தது. "இனி உறவே இல்லை" என்று சந்தை முடிவு கட்டிய அதே இருவர்!

டயலாக் செமிகண்டக்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். ஐபோனின் மின்சார நிர்வாகச் சிப்களைக் கொடுத்த கம்பெனி. வருமானத்தில் சுமார் முக்கால் பங்கு ஆப்பிளிடமிருந்து. ஆப்பிள் அந்தச் சிப்பைத் தானே வடிவமைக்கப் போகிறது என்று 2017 ஏப்ரலில் ஒரு அனலிஸ்ட் குறிப்பு வந்தது. ஷேர் ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அதே வருடக் கடைசியில் மறுபடி செய்தி, மறுபடி சரிவு. 2018ல் 15 யூரோவுக்கும் கீழே போனது.

செய்தி பொய்யா? இல்லவே இல்லை. முழு உண்மை. 2018 அக்டோபரில் ஆப்பிள் அந்த வேலையைத் தன்னிடமே எடுத்துக் கொண்டது. எப்படி எடுத்துக் கொண்டது என்பதில்தான் சந்தை ஏமாந்தது. டயலாக்கின் முன்னூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், சில சொத்துக்கள், காப்புரிமை லைசென்ஸ் ஆகியவற்றுக்காக 30 கோடி டாலர் ரொக்கம். அடுத்த மூன்று வருடங்களில் தர வேண்டிய சிப்களுக்கு முன்பணமாக இன்னொரு 30 கோடி. விலகிப் போன வாடிக்கையாளர் 60 கோடி டாலரைக் கொடுத்துவிட்டுப் போனார்! அந்தப் பணத்தோடு டயலாக் வேறு துறைகளில் வளர்ந்தது. 2021ல் ஜப்பானின் ரெனசாஸ் நிறுவனம் பங்குக்கு 67.50 யூரோ வீதம், சுமார் 490 கோடி யூரோவுக்கு அதை வாங்கியது. இது முதல் சரிவுக்கு முன்னால் இருந்த விலையை விடவும் அதிகம்.

ஜிடிக்கும் முன்பணம், டயலாக்குக்கும் முன்பணம் என்பதையும் கவனிக்கலாம். ஒன்று, ஆலையில் புதிதாக உலைகளை நிறுவி, தெரியாத வேலையைச் செய்து காட்டக் கொடுத்தது. மற்றொன்று, வருடக்கணக்காகச் செய்து கொண்டிருக்கும் சரக்குக்குக் கொடுத்தது. பெயர் ஒன்று, தன்மை வேறு. தலைப்புச் செய்தி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

4. லுமென்டம் என்ன சொல்கிறது?

"அப்படியானால் சப்ளையர் செய்தியைக் குப்பையில் போட்டுவிடலாமா?" கூடாது. அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது.

2018 நவம்பர் 12. முக அடையாளத்துக்கான லேசர்களைச் செய்யும் லுமென்டம் கம்பெனி தன் காலாண்டு வருமானக் கணிப்பைக் குறைத்தது. முதலில் 40.5 முதல் 43 கோடி டாலர் என்றது. புதிய கணிப்பு 33.5 முதல் 35.5 கோடி. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சரக்கைக் கணிசமாகக் குறைக்கச் சொன்னதாகக் காரணம். பெயர் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. லுமென்டம் ஷேர் 33 சதவீதமும் ஆப்பிள் 5 சதவீதமும் விழுந்தன. 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 8,900 முதல் 9,300 கோடி டாலர் என்று சொல்லியிருந்த காலாண்டு விற்பனை சுமார் 8,400 கோடியாகத்தான் இருக்கும் என்று டிம் குக் கடிதம் எழுதினார்.

2013ல் பொய்த்தது 2018ல் பலித்தது ஏன்? அதிர்ஷ்டமா? இல்லை. முதலில், 2013 செய்தி பெயர் சொல்லாதவர்கள் வழியே பத்திரிகைக்கு வந்தது. 2018 செய்தி ஒரு கம்பெனி தன் சொந்தக் கணக்கைப் பற்றி, சட்டப் பொறுப்போடு கையெழுத்திட்டுச் சொன்னது. அடுத்து, 2013ல் வந்தது ஒரே ஒரு பாகத்தின் கணக்கு. 2018ல் அதே நாட்களில் ஜப்பான் டிஸ்ப்ளே போன்ற வேறு சப்ளையர்களும் தங்கள் கணிப்பைக் குறைத்தார்கள். திரை, லேசர் என்று சம்பந்தமில்லாத பாகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குறைந்தால், அவற்றுக்குப் பொதுவாக இருப்பது போன் ஒன்றுதான்.

ஆகவே செய்திக்கும் செய்திக்கும் தரத்தில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மாதிரி பதறுவதும் ஒரே மாதிரி அலட்சியம் செய்வதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள்.

5. பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் 2025ஐப் பார்க்கலாம். ஆப்பிள் இருந்த இடத்தில் ஓப்பன்ஏஐ வந்து உட்கார்ந்தது.

அந்த வருடம் செப்டம்பரில், வருங்காலத்தில் வர வேண்டிய ஒப்பந்த வருமானம் 45,500 கோடி டாலர் என்று ஆரக்கிள் சொன்னது. ஷேர் ஒரே நாளில் 36 சதவீதம் ஏறியது. இதில் பெரும் பகுதி ஓப்பன்ஏஐ என்ற ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்தது என்பதும், சேவை செய்ய ஆரக்கிள் முதலில் கடன் வாங்கிக் கட்டடமும் கம்ப்யூட்டரும் போட வேண்டும் என்பதும் பிறகுதான் பலருக்கு உறைத்தது. வருடம் முடிவதற்குள் அந்த ஏற்றம் முழுவதும் கரைந்துவிட்டது.

செப்டம்பர் 22 அன்று என்விடியா, ஓப்பன்ஏஐயில் "10,000 கோடி டாலர் வரை" முதலீடு செய்யும் என்று அறிவிப்பு. "வரை" என்ற சொல்லையும், அது ஒப்பந்தமே இல்லை, விருப்பக் கடிதம்தான் என்பதையும் எத்தனை பேர் கவனித்தார்கள்? நவம்பரில் தாக்கல் செய்த காலாண்டு அறிக்கையில், இறுதி ஒப்பந்தம் ஏற்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று என்விடியாவே எழுதியது.

அக்டோபர் 6 அன்று ஏஎம்டி. ஓப்பன்ஏஐ ஆறு கிகாவாட் அளவுக்குச் சிப் வாங்கும் என்றதும் ஷேர் ஏறக்குறைய 24 சதவீதம் ஏறியது. கூடவே இருந்த இன்னொரு பகுதி: ஏஎம்டி தன்னுடைய 16 கோடி பங்குகள் வரை, பங்குக்கு ஒரு சென்ட் விலையில் வாங்கும் உரிமையை ஓப்பன்ஏஐக்குக் கொடுக்கிறது. இலக்குகள் நிறைவேற நிறைவேறப் படிப்படியாகக் கிடைக்கும். சரக்கு வாங்க வருகிறவருக்குக் கடையில் பங்கு கொடுத்து அழைப்பது நல்ல வியாபாரமாகவும் இருக்கலாம், கெட்ட வியாபாரமாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சாதாரண "ஆர்டர் கிடைத்தது" செய்தியாகப் படிப்பது மட்டும் நிச்சயம் தப்பு.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. யார் சொன்னது? பெயர் தெரியாத ஆளா, கையெழுத்துப் போட்ட கம்பெனியா?

2. யாருக்குக் கட்டாயம்? வாங்குபவர் வாங்கியே தீர வேண்டுமா, அல்லது விற்பவர் மட்டும் காத்திருக்க வேண்டுமா?

3. பணம் எந்தத் திசையில் போகிறது? வருவது வருமானமா, கடனா? வாங்குபவருக்கே விற்பவர் ஏதாவது கொடுக்கிறாரா?

4. நாளை இந்த ஒப்பந்தம் இல்லாமல் போனால் மிச்சம் என்ன? டயலாக்கைப் போலத் திறமை மிஞ்சுமா, ஜிடியைப் போல உலையும் கடனும் மிஞ்சுமா?

இந்த நான்குக்கும் பதில் தேட பெரிய படிப்பு வேண்டாம். அமெரிக்கக் கம்பெனிகளின் ஆவணங்கள் ஒழுங்கு ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு மாலை நேரம் போதும். ஒரு ஃபிரிட்ஜ் வாங்கப் பத்துக் கடை ஏறி, வாரண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் மனிதர்கள், அதைப் போலப் பத்து மடங்கு பணத்தை ஒரு தலைப்புச் செய்தியை நம்பிப் போடுகிறார்கள். நஷ்டம் வந்தால் "சந்தை ஏமாற்றிவிட்டது" என்கிறார்கள்.

சந்தை யாரையும் தனியாகக் கூப்பிட்டு ஏமாற்றுவதில்லை. ஜிடி ஷேர் 20 டாலருக்குப் போன நாளிலும் "ஆப்பிளுக்கு வாங்கும் கட்டாயம் இல்லை" என்ற வரி அதே இடத்தில்தான் இருந்தது. இமாஜினேஷன் 103 பென்ஸுக்கு விழுந்த நாளிலும் அதன் காப்புரிமைகள் அலமாரியில்தான் இருந்தன. அந்த நாட்களில் அவற்றின் மேல் பணம் போட்டவர்களும் பதறி விற்றவர்களும் படித்தது ஒரே ஒரு சொல்லைத்தான்: ஆப்பிள்.